ஐட்டம் மோட் யாருடைய வீடு? 700 ஆண்டு வீட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் பகுதியில், செவன்ஓக்ஸ் என்ற ஊருக்குக் கிழக்கே ஒரு சிறிய பள்ளத்தாக்கில் நாலு பக்கமும் தண்ணீர் சூழ ஒரு வீடு நிற்கிறது. பெயர் ஐட்டம் மோட். ஊரிலிருந்து யார் வந்தாலும் லண்டன் பாலம், மெழுகுச் சிலை எல்லாம் முடிந்த பிறகு நான் அவர்களை அங்கேதான் அழைத்துப் போவேன். முதலில் "வீட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்பார்கள். திரும்பும்போது காரில் கேள்விமேல் கேள்வி வரும்.

சித்தப்பா கேட்டதையே மச்சினர் கேட்பார், அதையே அடுத்த வருடம் தோழியின் பிள்ளைகள் கேட்பார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன. எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

இது கோட்டையா, அரண்மனையா? வெறும் வீடுங்கிறீங்களே!

வீடுதான். கோட்டை என்றால் காவல்படை தங்கும், அரண்மனை என்றால் அரச குடும்பமோ பிஷப்போ இருப்பார்கள். இங்கே இருந்தவர்கள் நிலம் வைத்திருந்த நடுத்தரப் பிரபுக்கள். நம் ஊர்க் கணக்கில் ஜமீன் அளவுகூட இல்லை. பெரிய மிராசுதார் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இதை மேனர் வீடு என்பார்கள், அதாவது ஒரு நிலவுரிமைப் பகுதியின் தலைமை வீடு.

நடுவில் கல் பாவிய முற்றம், அதைச் சுற்றி நாலு பக்கமும் கட்டு, வெளியே அகழி, கடக்கப் பாலம். 70 அறைகளுக்கு மேல் இருக்கின்றன. ஆனால் உள்ளே போனால் அப்படித் தெரியாது. குறுகிய படி, தாழ்ந்த நிலை, சாய்ந்த தரை. உயரமானவர்கள் தலையை இடித்துக்கொள்வது நிச்சயம்.

பெயரை எப்படிச் சொல்றது? இக்தமா, இக்தாமா?

எழுத்தைப் பார்த்தால் அப்படித்தான் வாய் போகும். உச்சரிப்பு 'ஐட்டம்'. ஆமாம், டிபன் ஐட்டம் மாதிரியேதான். பக்கத்தில் இருக்கும் கிராமத்தின் பெயர் அது. 'மோட்' என்பது அகழியைக் குறிக்கலாம். ஊர்ச்சபை கூடும் இடத்தைக் குறிக்கும் 'மூட்' என்ற பழைய சொல்லாகவும் இருக்கலாம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆள் உண்டு. வீட்டைச் சுற்றி அத்தனை தண்ணீரைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டாவது விளக்கம் தேவைப்படவில்லை.

யார் கட்டினது? கல்வெட்டு ஏதாவது இருக்கா?

கட்டியவர் பெயர் சொல்லும் கல்வெட்டு இல்லை. ஆனால் மரமே சாட்சி சொல்கிறது. ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளர்க்கும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலம், காய்ந்த ஆண்டில் ஒடுக்கம். உத்தரத்தில் பென்சில் கனத்துக்குத் துளை போட்டு அந்த வளையங்களின் வரிசையை எடுத்து, ஏற்கெனவே ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒத்துப் பார்த்தால், மரம் எப்போது வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். அந்தக் காலத்துத் தச்சர்கள் ஓக்கைப் பச்சையாகவே வேலை செய்தார்கள், காய்ந்தால் இரும்பு மாதிரி ஆகிவிடும். அதனால் வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் அநேகமாக ஒட்டியே இருக்கும். அந்தக் கணக்குப்படி வீட்டின் மூத்த பகுதி 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதி, 1320, 1330களை ஒட்டியது.

பெயர் தெரிந்த பழைய உடைமையாளர்களில் முக்கியமானவர் சர் தாமஸ் கான். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்தவர். ஐட்டம் கிராமத்துத் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கவசம் பூண்டு, கைகூப்பி, மல்லாந்து கிடக்கும் கல் உருவம். வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம், பெரும்பாலோர் போவதில்லை.

அப்போ நாம பாக்கிறது எல்லாமே 700 வருஷம் பழசா?

இல்லை. பெரிய கூடம், பழைய வழிபாட்டு அறை, அதன் கீழே இருக்கும் நிலவறை, குடும்பத்தார் ஒதுங்கி இருக்கும் மேல்மாடி அறைகள் இவைதான் ஆதி வீடு. முற்றத்தை நாலு பக்கமும் கட்டி அடைத்ததும் வாசல் கோபுரமும் 15ஆம் நூற்றாண்டு வேலை. வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிவதில் பெரும்பகுதி 15, 16ஆம் நூற்றாண்டுகளின் மேல்பூச்சுதான். வரவேற்பறையில் 18ஆம் நூற்றாண்டுச் சீனக் கைச்சித்திரக் காகிதம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதே அறையில் 17ஆம் நூற்றாண்டுக் கணப்பு.

கூடத்தில் அண்ணாந்து பாருங்கள். கூரை வளைவு சுவரில் இறங்கும் இடத்தில் கல்லில் செதுக்கிய குள்ள உருவங்கள், மொத்தப் பாரமும் தன் தலையில் என்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு குந்தியிருக்கும். எனக்கு இந்த வீட்டில் மிகப் பிடித்தது அவர்கள்தான். எத்தனை உடைமையாளர் மாறினாலும் அவர்கள் வேலை மாறவில்லை.

அகழி எதுக்கு? எதிரிக்குப் பயந்தா?

கொஞ்சம் பாதுகாப்பு, நிறைய கௌரவம். நிஜமாகவே படை வந்து முற்றுகையிட்டால் இந்த அகழி ஒரு நாள் தாங்காது. வீடு பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் மேடு. போர்த் தந்திரம் தெரிந்த எவனும் கோட்டைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டான். திருடனையும் மிருகத்தையும் தள்ளி வைக்கவும், மீன் வளர்க்கவும், 'எனக்கும் அகழி உண்டு' என்று ஊருக்குக் காட்டவும் மத்தியகால இங்கிலாந்தில் இப்படி ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். பள்ளத்தில் இருப்பதால்தான் தண்ணீர் தானாக வந்து நிற்கிறது.

அந்தக் காலத்துல நிலமெல்லாம் ராஜாவோடதுதானே? அப்புறம் தனி ஆள் எப்படி வித்தான், வாங்கினான்?

நல்ல கேள்வி. சட்டப்படி இங்கிலாந்தில் நிலம் முழுவதும் கடைசியில் அரசருடையதுதான். மற்றவர்கள் அவரிடமிருந்தோ, அவரிடமிருந்து பெற்றவரிடமிருந்தோ 'பிடித்து' வைத்திருப்பவர்கள். ஆனால் 1290ல் முதலாம் எட்வர்ட் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. நிலம் வைத்திருப்பவர் தனக்கு மேலே இருக்கும் பிரபுவின் சம்மதம் கேட்காமல் அதை விற்கலாம், வாங்கியவர் விற்றவரின் இடத்தில் அப்படியே நிற்பார் என்றது. அரசரிடமிருந்து நேரடியாகப் பெற்றவர்களுக்கு மட்டும் அரச அனுமதி தேவைப்பட்டது. ஆக, ஐட்டம் மோட் கட்டப்படுவதற்கு முன்பே நிலச் சந்தை திறந்தாகிவிட்டது.

உயில் எழுதித் தருவது வேறு கதை. 1540 வரை பொதுவாக நிலத்தை நேரடியாக உயிலில் எழுத முடியாது. பெரும்பாலும் மூத்த மகனுக்குத் தானாகப் போகும். தப்பிக்க வேண்டுமென்றால் நம்பகமான ஆட்கள் பெயரில் எழுதிவைத்து, 'இன்னாருக்காக வைத்திருங்கள்' என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பினாமி என்றால் என்ன நினைவுக்கு வருமோ, அதன் நாகரிகமான வடிவம். இங்கிலாந்தின் அறக்கட்டளைச் சட்டம் முளைத்ததே இந்தச் சுற்றுவழியிலிருந்துதான்.

மொத்தம் எத்தனை குடும்பம் மாறியிருக்கு? வரிசையா சொல்லுங்க.

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். கான் குடும்பத்திடமிருந்து மண உறவு வழியாக ஹாட் குடும்பத்துக்கு. அந்தக் குடும்பத்து ரிச்சர்ட் ஹாட் அரசியலில் தவறான பக்கம் நின்றார். 1483ல் மூன்றாம் ரிச்சர்ட் அரியணையைப் பிடித்த பிறகு அவர் சொத்து பறிபோனது. 1485ல் போர்க்களத்தில் அந்த அரசர் செத்து ஏழாம் ஹென்றி வந்ததும் நிலைமை தலைகீழாகி, சொத்து குடும்பத்துக்குத் திரும்பியது. 1521ல் ரிச்சர்ட் கிளெமென்ட் என்ற அரசவை ஊழியர் வாங்கினார். அவருக்குப் பிறகு, லண்டன் மேயராக இருந்த சர் ஜான் ஆலனின் குடும்பம். கத்தோலிக்கர்கள் என்று சந்தேகிக்கப்பட்டு நெருக்கடியில் இருந்தவர்கள். 1591ல் அவர்களிடமிருந்து வடக்கே ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்திலிருந்து வந்த சர் வில்லியம் செல்பி வாங்கினார்.

செல்பி பெயர் 1889 வரை நின்றது. பிறகு தாமஸ் காலியர்-ஃபெர்குசன், 1951 வரை. அதன் பின் மூன்று உள்ளூர்க்காரர்கள், இரண்டு ஆண்டு. 1953ல் சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர். 1985லிருந்து நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம். பறிமுதல், மண உறவு, கிரயம், உயில், நன்கொடை என்று ஒரு சொத்து கைமாற என்னென்ன வழி உண்டோ அத்தனையும் இந்த ஒரு வீட்டில் நடந்திருக்கிறது.

விலை என்ன போச்சு?

எல்லாருக்கும் இதுதான் முதல் ஆர்வம், வெட்கப்பட்டுக் கொஞ்சம் தாமதமாகக் கேட்பார்கள். 1521ல் கிளெமென்ட் கொடுத்தது 400 பவுண்டு. 1591ல் செல்பி கொடுத்தது 4,000 பவுண்டு. 70 ஆண்டில் பத்து மடங்கு. 1951ல் அந்த மூன்று பேர் கொடுத்தது 5,500 பவுண்டு.

மூன்றையும் நேராக ஒப்பிடக்கூடாது. பழைய கிரயங்கள் வருமானம் தரும் நிலவுரிமையைச் சேர்த்தவை. 16ஆம் நூற்றாண்டில் பண மதிப்பும் வேகமாகச் சரிந்தது. அப்படியும் 1951 கணக்கைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். 360 ஆண்டு கழித்து வெறும் 1,500 பவுண்டு கூடுதல். அன்றைக்கு இந்த மாதிரி வீடு சொத்து இல்லை, தலைவலி. ஏன் என்பது கீழே வருகிறது.

எட்டாம் ஹென்றி இங்க வந்து தங்கினாராமே?

அவர் வந்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அவர் முத்திரை வீடு முழுக்க இருக்கிறது, காரணம் கிளெமென்ட். சின்ன நிலையிலிருந்து அரசவையில் மேலே வந்தவர். புதுப்பணக்காரர் வீட்டுக் கூடத்தில் மந்திரியோடு எடுத்த புகைப்படம் மாட்டியிருப்பார்களே, அந்த மனசுதான். ஜன்னல் கண்ணாடியிலும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் புதிய தேவாலயத்தின் மரக் கூரையிலும் டியூடர் ரோஜா, கோட்டை வாசலின் இரும்புக் கிராதி, அம்புக் கட்டு, அப்புறம் மாதுளம்பழம்.

மாதுளைதான் சுவாரசியம். அது ஹென்றியின் முதல் மனைவி, ஸ்பெயின் இளவரசி காதரீனின் சின்னம். 1533ல் அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவித்து, ஆன் போலினை ராணியாக்கினார் ஹென்றி. அரண்மனைகளில் மாதுளையைச் சுரண்டி எடுத்தார்கள். கிளெமென்ட் 1538ல் இறக்கும் வரை இங்கே யாரும் சுரண்டவில்லை. விசுவாசமா, சோம்பலா, செலவுக்குப் பயமா? என் ஊகம் கடைசி இரண்டும். நிறம் மங்கிப்போன அந்தப் பழங்களைக் கழுத்து வலிக்க நின்று தேடிப் பாருங்கள்.

பாராளுமன்றத்துக்கு வெடி வைக்கப் போனதைக் காட்டிக்கொடுத்தது இந்த வீட்டு அம்மாதானாமே?

1605ல் கத்தோலிக்கச் சதிகாரர்கள் லண்டனில் பாராளுமன்றத்தின் அடியில் வெடிமருந்து பதுக்கினார்கள். மான்ட்ஈகிள் பிரபுவுக்கு வந்த பெயரில்லாத எச்சரிக்கைக் கடிதத்தால் குட்டு வெளிப்பட்டது. கடிதத்தை எழுதியவர் யார் என்பது இன்றுவரை விவாதம். அந்த வரிசையில் ஐட்டம் மோட்டின் டோரத்தி செல்பியும் ஒருவர். இவர் 1591ல் வீட்டை வாங்கியவரின் அண்ணன்-தம்பி வழிப் பிள்ளையான இரண்டாம் சர் வில்லியமின் மனைவி.

கதை எங்கிருந்து கிளம்பியது என்றால், அவருடைய கல்லறையிலிருந்து. 1641ல் இறந்தார், ஐட்டம் தேவாலயத்தில் நினைவுச் சின்னம். அதில், 'எவளுடைய கலை அந்தச் சதியை வெளிப்படுத்தியதோ, அது பலித்திருந்தால் ரோம் வென்றிருக்கும், பிரிட்டனின் மதில்கள் ஆடியிருக்கும்' என்ற பொருளில் வரிகள். சரி, காட்டிக்கொடுத்தார் என்றுதானே ஆகிறது? கொஞ்சம் மேலே படிக்க வேண்டும். அதே பாட்டில் 'எஃகுப் பேனா', 'பட்டு மை' என்று வருகிறது. எஃகுப் பேனா என்றால் ஊசி, பட்டு மை என்றால் நூல். அவர் பேர்போன தையல் கலைஞர். வெடிமருந்துச் சதியைத் துணியில் சித்திரமாகத் தைத்தவர். 'வெளிப்படுத்தினாள்' என்றால் படமாகக் காட்டினாள். பாட்டை முதல் வரியிலிருந்து படிக்காமல் நடுவில் பிடித்துக்கொண்டதால் ஒரு தையல்காரி உளவாளி ஆனாள். எனக்கு உளவாளியைவிடத் தையல்காரியைப் பிடித்திருக்கிறது.

சுவத்துக்குள்ள எலும்புக்கூடு கிடைச்சுதாம், பேய் உலாவுதாம்?

டோரத்தியைப் பழிவாங்க உயிரோடு சுவரில் வைத்துப் பூசினார்கள், 19ஆம் நூற்றாண்டில் எலும்புக்கூடு அகப்பட்டது, அதிலிருந்து ஒரு அறை எப்போதும் சில்லென்று இருக்கிறது என்பது கதை. மேலே சொன்னபடி அவர் சதி நடந்து 36 ஆண்டு கழித்துச் செத்து, தேவாலயத்தில் சின்னமும் வைக்கப்பட்டவர். பழிவாங்கியவர்கள் ரொம்பப் பொறுமைசாலிகளாக இருந்திருக்க வேண்டும். அறை சில்லென்று இருப்பது உண்மைதான். சுற்றிலும் தண்ணீர், கல் சுவர், கென்ட் குளிர்காலம்.

செல்பி குடும்பம் 300 வருஷம்னா, அப்பா பிள்ளை பேரன்னு வழிவழியா வந்ததா?

பெயர் வந்தது, ரத்தம் வளைந்து வளைந்து வந்தது. வாங்கிய முதல் வில்லியம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சகோதரர் மகனுக்குப் போனது. 1603ல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் அரசர் இங்கிலாந்து முடியை ஏற்க தெற்கே வந்தபோது, எல்லை நகரமான பெரிக்கின் சாவியை அவர் கையில் கொடுத்தவர் இந்த இரண்டாவது வில்லியம். அவருக்கும் டோரத்திக்கும் பிள்ளை இல்லை. அதே குடும்பப் பெயர் கொண்ட லண்டன்காரர் ஜார்ஜ் செல்பிக்குப் போனது.

19ஆம் நூற்றாண்டில் இன்னும் வேடிக்கை. ஒரு தாமஸ் செல்பி தன் ஒரே மகனை ஒதுக்கிவைத்துவிட்டார். அவர் விதவை எலிசபெத் வெளியே தலைகாட்டாமல் வாழ்ந்து முடித்ததும், சொத்து தூரத்து உறவான பிரிடோ ஜான் செல்பிக்குப் போனது. அவர் பறவைகளை உயிர்ப்போடு வரைந்த பேர்பெற்ற இயற்கையாளர், இருந்ததும் வடக்கே நார்தம்பர்லாண்டில். 1867ல் அவர் இறந்ததும் மகள் மரியானுக்கு. மரியானின் இரண்டாவது கணவர் ராபர்ட் லூவார்ட், தன் பெயரை லூவார்ட்-செல்பி என்று மாற்றிக்கொண்டார். சொத்தோடு பெயரும் வர வேண்டும் என்பது அங்கே சகஜம். வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, ஆனால் கெஜட்டில் ஏறிய வீட்டோடு மாப்பிள்ளை.

அமெரிக்காக்காரர் ஒருத்தர் வாங்கினார்னு ஒருத்தர் சொல்றார், வாடகைக்கு இருந்தார்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டும் சரி, ஏனென்றால் ஆள் வேறு. வாடகைக்கு இருந்தவர் ஜெனரல் வில்லியம் ஜாக்சன் பால்மர், கொலராடோவில் ரயில் பாதை போட்டவர், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரை உண்டாக்கியவர். 1887லிருந்து சுமார் மூன்று ஆண்டு அவர் குடும்பம் இங்கே. மலை உயரம் அவர் மனைவியின் இதயத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்தாளர், நடிகை, ஓவியர் என்று வீட்டில் எப்போதும் விருந்துக் கூட்டம். ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889ல் இந்தப் புல்வெளியில் பந்துருட்டி விளையாடுகிறவர்களைப் பெரிய ஓவியமாக வரைந்தார்.

வாங்கியவர் 1953ன் ராபின்சன். அவர் தனிக் கதை, கீழே.

முற்றத்துல இருக்கிற நாய்வீட்டுக்கும் அரசாங்கப் பாதுகாப்பாமே, கிண்டலா?

கிண்டல் இல்லை. 1891ல் காலியர்-ஃபெர்குசன் தன் செயின்ட் பெர்னார்ட் நாய் டைடோவுக்குக் கட்டிய மரக் கூண்டு. கூண்டு என்பது மரியாதைக் குறைவு. அதற்கு ஓடு வேய்ந்த கூரை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களில் முதல் தரப் பட்டியலில் இருக்கும் ஒரே நாய்வீடு இதுதான் என்பார்கள். குழந்தைகள் வீட்டை மறந்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

வீட்டுத் தேவாலயத்துக்குள்ள ஒரு சாதாரண மரச் சிலுவை இருக்கே, அது யாருது?

காலியர்-ஃபெர்குசனின் மூன்றாவது மகன் ரிவர்ஸ்டேலுடையது. 21 வயது. 1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் ஈப்ர் பக்கம் போர். எதிரியின் பதுங்குகுழியைப் பிடித்து, இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளையும் கைப்பற்றி, சிறிது நேரத்திலேயே மறைந்திருந்த எதிரி ஒருவன் சுட்டதில் செத்தான். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை, இறந்த பிறகு கிடைத்தது. போர்க்களத்துக் குழிமேல் நட்டிருந்த மரச் சிலுவையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

நமக்கு ஒரு தகவல்: இந்தப் பையனின் அம்மா பீட்ரிஸ், ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரின் மகள். மூத்த மகனுக்குத் தாத்தாவின் நினைவாக மாக்ஸ் என்று பெயர். அவரும் 1940ல் குண்டுவீச்சில் இறந்தார்.

1951ல ஏன் வித்தாங்க? பணக்காரங்கதானே?

62 ஆண்டு வீட்டை வைத்திருந்த தாமஸ் 1951ல் இறந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு மதியம் வீட்டைத் திறந்துவிட்டவர். மூத்த மகன் போய்விட்டதால் பேரன் ஜேம்ஸுக்கு வந்தது. வந்தது வீடு மட்டுமா? கூரை ஒழுகல், உளுத்த மரம், சம்பளத்துக்கு ஆள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சொத்து இறப்பு வழியாகக் கைமாறினால் வரி, மிகப் பெரிய சொத்துகளுக்கு 1949ல் 80 சதவீதம் வரை. நிலக் குத்தகை வருமானம் முன்பே விழுந்திருந்தது. இந்த நெருக்கடியில் நூற்றுக்கணக்கான பெரிய வீடுகளை இடித்தே விட்டார்கள்.

ஜேம்ஸ் வீட்டை விற்பனைக்குப் போட்டு, உள்ளே இருந்த சாமான்களில் பெரும்பகுதியை அக்டோபரில் மூன்று நாள் ஏலம் விட்டார். கூரையில் இருக்கும் ஈயத்துக்காகவே வீட்டை வாங்கி இடிக்கலாம் என்று பேச்சு வந்தது, அடுக்குமாடிக் குடியிருப்பாகப் பிரிக்கலாம் என்றும் வந்தது. பழைய கட்டிடப் பட்டியல் அப்போதே உண்டு, ஆனால் இடிக்க முன் அனுமதி கட்டாயம் என்று ஆனது 1968ல்தான். 600 ஆண்டுக்கு மேல் நின்ற வீடு எடைக்குப் போக இருந்தது.

அந்த மூணு பேர் என்ன லாபம் பார்த்தாங்க?

லாபத்துக்காக வாங்கவில்லை. வீடு அழிந்துவிடக்கூடாது என்று உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் பணம் போட்டு வாங்கி, சரியான ஆள் வரும் வரை பிடித்து வைத்தார்கள். கிரயப் பத்திரத்தில் இரண்டே ஆண்டு அவர்கள் பெயர். என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே மிக முக்கியமான உடைமையாளர்கள் அவர்கள்தான்.

சரி, அந்த ராபின்சன் யாரு?

அமெரிக்காவில் மெயின் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரத்து வியாபாரி. இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் பணியில் இருந்தபோது வீட்டைத் தெரிந்துகொண்டவர். வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலில் ஊருக்குத் திரும்பும்போது மனசு மாறி, வேண்டாம் என்று கடிதம் எழுதினாராம். கப்பலின் தபால் அறை மூடியிருந்ததாம். கரை சேர்வதற்குள் மறுபடி மனசு மாறிவிட்டதாம். அப்படித்தான் சொல்கிறார்கள். தபால்காரர் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் இந்தப் பக்கமே எழுத வேண்டியிருந்திருக்காது.

வரிச் சிக்கல் வராமல் இருக்க ஆண்டுக்கு 14 வாரம் மட்டுமே இங்கே தங்கினார். அவசரப் பழுதுகளைப் பார்த்தார், ஏலத்தில் காலியான அறைகளுக்கு 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சாமான்களாகத் தேடி வாங்கிப் போட்டார். 1965ல், தனக்குப் பிறகு வீடும் சாமானும் நேஷனல் டிரஸ்டுக்கு என்று அறிவித்தார்.

அப்போ உள்ள இருக்கிற மேஜை நாற்காலி எல்லாம் அசல் இல்லையா?

பழசுதான், ஆனால் பெரும்பாலும் இந்த வீட்டுப் பழசு இல்லை. ஏலத்தில் போனது போனதுதான். இது தெரியாமல் "கிளெமென்ட் உட்கார்ந்த நாற்காலி" என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு.

டிரஸ்ட் வீட்டையே பிரிச்சு மறுபடி கட்டினாங்கன்னா, இது பழைய வீடுன்னு எப்படிச் சொல்றது?

சண்டை வரக்கூடிய கேள்வி. 1989லிருந்து 2004 வரை பழுது நடந்தது, செலவு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். வீட்டின் பெரும்பகுதியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்த மரம் எங்கே எப்படிப் பொருத்தப்பட்டிருந்தது என்று பதிவு செய்து, உளுத்ததை மட்டும் வெட்டி, புது ஓக்கை ஒட்டுப்போட்டு, திரும்பக் கோத்தார்கள். பழைய ஓக் வீடுகள் ஆணியில் நிற்பதில்லை. துளையும் கூரும் மரமுளையுமாகக் கோத்தவை. கோத்ததைப் பிரிக்கலாம், பிரித்ததைக் கோக்கலாம். நம் ஊர்த் தேரைப் பிரித்துச் சக்கரம் மாற்றினால் வேறு தேர் என்று யாரும் சொல்வதில்லையே.

செல்பி வாரிசு யாராவது இன்னிக்கு வந்து கேஸ் போட்டா?

நிற்காது. 1889ல் விலை வாங்கிக்கொண்டு விற்றாகிவிட்டது. ஒதுக்கப்பட்ட அந்த ஒரே மகன் வழியினர் வந்தாலும் அதே பதில்தான்: உயில் எழுதியவருக்கு அந்த உரிமை இருந்தது.

இத்தனை கை மாறியும் யாரும் ஏன் இடிச்சுட்டுப் புதுசா கட்டலை?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. என் பதில்: இங்கே இருந்த எவருக்கும் அந்த அளவு பணம் இல்லை. பெரிய பிரபுக்கள் 18ஆம் நூற்றாண்டில் பழைய வீட்டைத் தள்ளிவிட்டுத் தூண் வைத்த வெள்ளை மாளிகை கட்டினார்கள். செல்பிகளால் முடிந்தது சீனக் காகிதம் ஒட்டி ஒரு ஜன்னலைப் பெரிதாக்குவது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே காலம் தள்ளினார்கள். இடம் வேறு பள்ளம், அகழிக்குள் நெருக்கம், விரிவாக்கவும் வழியில்லை. ஒரு காலத்தில் செல்வம் கொழிக்கும் வாரிசு ஒருவர் கிடைத்திருந்தால் இன்று நாம் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நேஷனல் டிரஸ்ட் அரசாங்கம்தானே? நாளைக்கு அவங்க வித்துட்டா?

அரசாங்கம் இல்லை. 1895ல் தொடங்கிய தொண்டு நிறுவனம். உறுப்பினர் சந்தா, நுழைவுக் கட்டணம், நன்கொடை, உயில் சொத்து இவற்றில் ஓடுவது. 1907ல் பாராளுமன்றம் இதற்கென்று தனிச் சட்டம் செய்து, 'கைமாற்ற முடியாதது' என்று சொத்தை அறிவிக்கும் அதிகாரம் கொடுத்தது. அப்படி அறிவித்துவிட்டால் டிரஸ்டே நினைத்தாலும் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பாராளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் அரசாங்கத்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. 1290ல் தாராளமாக விற்கலாம் என்று சொன்ன அதே நாட்டுச் சட்டம்தான்.

ராபின்சன் குடும்பத்துக்கு அங்க இப்ப ஏதாவது உரிமை உண்டா?

வீட்டில் உரிமை இல்லை, கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் அவர் அங்கேதான் இருக்கிறார். 1985ல் இறந்ததும் அவருடைய அஸ்தியை நிலவறைக்கு வெளியே சுவரில் வைத்துப் பூசிவிட்டார்கள். ஆண்டுக்கு 14 வாரம் என்ற கணக்கு அவருக்கு இப்போது இல்லை.